மீன்தொட்டியும் நானும் இருந்த புதன்கிழமை

முதல்ல அந்தச் சுத்தியலக் கீழ வைங்க தம்பி. இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. அந்த சோபா எங்கயும் ஓடிடாது, நாலு காலு இருந்தாலும் அதுக்கு நடக்கத் தெரியாது. வரலியா? சரி, நீங்க வேலையப் பாருங்க, நானே ஸ்டூல இழுத்துப் போட்டுக்கறேன். ஐயய்யோ, இது ஒரு கால் நொண்டுதே! ஊருக்கெல்லாம் மெத்து மெத்துன்னு சோபா பண்றவர் கடையில, வந்தவன் உக்கார ஒரு நல்ல ஸ்டூல் இல்ல பாருங்க.

வாயில ஆணி வெச்சிருக்கீங்க, பேச முடியாது. அதுவும் நல்லதுதான். கோவமா இருக்கறவர் வாயில ஆணி இருந்தா எதிர்ல இருக்கறவனுக்குக் கொஞ்சம் தைரியம். தலைய மட்டும் ஆட்டுங்க.

எங்க வீட்டுல அந்தக் கம்ப்யூட்டர் இருக்கே தம்பி, அது கம்ப்யூட்டரே இல்ல, சத்திரம்! வர்றவன் போறவன் எல்லாம் பாய விரிச்சுப் படுத்துக்கறான். நான் மழை வருமான்னு பாக்கத் திறப்பேன். நான் எப்பவும் பாக்குற பக்கம் வராது, எவனோ ஒருத்தன் பேர் தெரியாத பக்கத்த முன்னால நீட்டுவான். மேல ஒரு பட்டை. அதுக்கு மேல இன்னொரு பட்டை. எழுத்துப் பாக்குற இடம் ஜன்னல் கம்பிக்கு நடுவுல பாக்குற மாதிரி ஆயிடுச்சு. ஓரத்துல ஈ மொய்க்கிற மாதிரி ஒண்ணு வரும், விரட்டினா ரெண்டா வரும். முடி கொட்டுதா? முட்டி வலிக்குதா? எனக்கு ரெண்டும் உண்டுதான், அதுக்காக அவன் கேக்கலாமா? உள்ள அந்தக் காத்தாடி வேற, மேட்டுல ஏறுற லாரி மாதிரி முக்குது.

இல்ல தம்பி, சுத்தி வளைக்கல. விஷயத்துக்குத்தான் வர்றேன்.

போன ஞாயித்துக்கிழமை நீங்க, உங்க தங்கச்சி, உங்க அத்தை மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்தீங்க. என் மச்சினனுக்கு உங்க தங்கச்சியப் பேசி முடிக்க. எல்லாம் நல்லாத்தான போச்சு? உங்க தங்கச்சி ஆஸ்பத்திரியில நர்சு, எத்தனை பேரப் பார்த்திருப்பாங்க, அவங்களே ரெண்டு தடவ சிரிச்சாங்க. என் மச்சினன் டேங்கர் லாரி ஓட்டுறவன், நாப்பத்தோரு வயசு, ஒரு வாக்கியத்துக்கு மூணு வார்த்தைக்கு மேல செலவு பண்ண மாட்டான். அவனே அன்னிக்கு அஞ்சாறு வார்த்த பேசினான். என் வீட்டுக்காரிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அவ கையில வளர்ந்த தம்பி அவன்.

அப்பத்தான் எனக்குச் சனி நாக்குல உக்காந்துச்சு. "மாப்பிள்ள வாங்கியிருக்கற வீட்டப் பாருங்க"ன்னு கம்ப்யூட்டர உங்க பக்கம் திருப்பினேன். முன்பக்கம் காட்டினேன். சமையல்கட்டு காட்டினேன். மாடிப்படி காட்டறதுக்குள்ள...

ஆமா. அதேதான். திரையில குதிச்ச அந்த விளம்பரப் பொம்பள. கண்ணடிச்சா. அடிச்சது பத்தாதுன்னு வாயத் திறந்து பேசினா வேற! "தனிமையில் வாடுகிறீர்களா? உங்கள் பகுதியில் இருநூறு பெண்கள் காத்திருக்கிறார்கள்." இருநூறு பேராம் தம்பி! எங்க தெருவுல மொத்தமே முப்பது வீடு.

நான் என்ன பண்ணியிருக்கணும்? பேசாம மூடியிருக்கணும். நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "ஐயோ, நான் இல்லீங்க, இதுல எப்பவும் மச்சினன்தான் உக்காருவான்!" அறுபத்திமூணு வயசு மனுசன், என் மானத்தக் காப்பாத்திக்க, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி மாப்பிள்ளயத் தூக்கிக் குடுத்துட்டேன். சம்பந்தம் வேண்டாம்னு உங்க அத்தை கைப்பைய மூடின சத்தம் இன்னும் காதுல இருக்கு. டப்! அவன் ஒரு வார்த்த மறுக்கல, தலையக் குனிஞ்சுக்கிட்டான். நீங்க அத குத்தம் பண்ணவன் குனியறதுன்னு எடுத்துக்கிட்டீங்க. அது வெக்கம் தம்பி! கடையில ஜட்டி வாங்கும்போதே அப்படித்தான் குனிவான்.

அன்னிக்குப் போனவன் இன்னும் வீட்டுக்கு வரல. லாரி ஷெட்டுல, வண்டியிலயே படுத்துக்கறானாம். அக்கா போன் பண்ணா "சரி", "ம்", "பாக்கறேன்". மூணு வார்த்த.

அதுக்குத்தான் வந்திருக்கேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு அந்தக் கம்ப்யூட்டர் வித்த கடைக்காரன் மேல! வாரண்டி அது இதுன்னு... என்ன அப்படிப் பாக்கறீங்க? சரி, கடைக்காரன் பாவம், அவன விடுங்க.

என் வீட்டுக்காரியப் பத்தி உங்களுக்குத் தெரியாது. சலவைக்கடையில துணி வாங்கி வெக்கிற வேலை, இருபது வருஷம். ஒருத்தன் சட்டையக் கொண்டு வந்தா உடனே சோப்புல போட மாட்டா. "என்ன கறை? என்னிக்குப் பட்டுது? அப்ப எங்க இருந்தீங்க?" போலீஸ்காரங்க தோத்துப் போவாங்க. கறைக்கு வயசு தெரியாமத் தேச்சா பரவும்பா. ஒரு தடவ ஒருத்தர் காபிக் கறைன்னு கொண்டு வந்தார். இவ முகர்ந்து பார்த்துட்டு, "இது காபி இல்ல, தலைக்குப் போடற சாயம். வீட்டுல மறைக்கணும்னா சொல்லுங்க, பில்லுல காபின்னே எழுதிடறேன்"னா. அவரு அன்னியிலேர்ந்து வேற கடைக்குப் போறதில்ல.

திங்கக்கிழமை வேலை முடிஞ்சு வந்தா. கைப்பைய வெச்சா, நாற்காலிய இழுத்தா, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. அந்த நேரம் பார்த்து ஒரு சிவப்புப் பலகை! "ஆபத்து! உங்கள் கணினியில் நாற்பத்திமூன்று வைரஸ்கள்! உடனே இந்த எண்ணை அழைக்கவும்!" குய்யோ முறையோன்னு சத்தம் வேற. நான் போன எடுத்துட்டேன் தம்பி. ஆறு நம்பர் அழுத்திட்டேன். அவ எந்திரிச்சு நேரா போய் நெட் வயரப் பிடுங்கினா. சத்தம் நின்னுது. "திருடனே வாசல்ல நின்னு திருடன் திருடன்னு கத்தறான், நீங்க அவனுக்குக் கதவத் திறக்கறீங்க"ன்னா. நிஜ வைரஸுன்னா போன் நம்பர் குடுத்துட்டா வரும்? எனக்கு இது தோணல பாருங்க.

அப்புறம் உள்ள குடியிருக்கற புரோகிராம் பட்டியலத் திறந்தா. பேரு வரிசையில பாக்கல. தேதி வரிசையில அடுக்கினா. அதான் சொன்னேனே, கறைக்கு வயசு கேக்கறவ! மத்ததெல்லாம் ஒண்ணு போன வருஷம், ஒண்ணு அதுக்கு முந்தின வருஷம்னு தனித்தனியா இருக்கு. நாலே நாலு மட்டும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல. பதினாலாம் தேதி, புதன்கிழமை, காலையில பதினொண்ணு இருபது. "நாலு பேரு ஒரே வண்டியில வந்து இறங்கியிருக்காங்க"ன்னா. "யாரு கதவு திறந்தது?"

நான் சொன்னேன், "உன் தம்பிதான்."

எந்திரிச்சுப் போனா. தம்பி லோடு சீட்டெல்லாம் வெக்கற பைலக் கொண்டு வந்தா. பதினாலாம் தேதி காலையில அவன் அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் இறக்கிக்கிட்டு இருந்திருக்கான். இறக்கின சீட்டு, கையெழுத்து, மணி, எல்லாம் இருக்கு. "நான் சலவைக்கடையில. அவன் அங்க. வீட்டுல இருந்தது யாருங்க?"

"நானும் மீன்தொட்டியும்"னேன்.

"மீனுக்குக் கை இல்லீங்க"ன்னா.

சிரிக்காதீங்க தம்பி, ஆணிய முழுங்கிடப் போறீங்க.

சரி. சொல்லிடறேன். நான்தான். நான்தான் பண்ணேன். ஆனா எதுக்குப் பண்ணேன்? உங்களுக்காக! நீங்கதான "வீட்டு போட்டோ அனுப்புங்க"ன்னு கேட்டீங்க? அனுப்பினா போக மாட்டேங்குது, பெரிசா இருக்காம். போட்டோவச் சின்னதாக்க ஓசியில என்னமோ இருக்குன்னு தேடினேன். ஒரு பக்கம் வந்துச்சு. அதுல இறக்கிக்கன்னு மூணு பட்டன். ரெண்டு சின்னது, ஒண்ணு பச்சக் கலர்ல, பலகாரத் தட்டு சைஸுக்கு. எது நெசம்னு நெனைப்பீங்க? பெரிசத்தான அமுக்குவீங்க? அது விளம்பரமாம்! நெசமான பட்டன் கீழ மூலையில, நல்ல மனுசன் மாதிரி சத்தமில்லாம உக்காந்திருந்துச்சாம். அவ சொல்றா, எந்தச் சாமானும் செஞ்சவன் வீட்டுலேர்ந்தே வாங்கணும், சந்தையில கூவறவன்கிட்ட வாங்கக் கூடாதுன்னு.

அப்புறம் அது கேள்வி கேக்க ஆரம்பிச்சுது. நெக்ஸ்ட்டா? நெக்ஸ்ட். ஓகேவா? ஓகே. தம்பி, நான் பார்சல் ஆபீசுல முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தினவன். முன்னாடி காகிதம் வந்தா, கட்டம் இருந்தா, கை தானாப் போகும். டொக்கு! படிக்கறது என் வேலை இல்ல, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் நிக்கக் கூடாது, அவ்வளவுதான். என் கவுன்ட்டர்ல வரிசை நின்னதே கிடையாது, கேட்டுப் பாருங்க! அந்தப் பழக்கத்துல ஒம்பது தடவ குத்திட்டேன். ஒவ்வொரு கட்டத்துலயும் முன்னாடியே டிக் போட்டு வெச்சிருந்திருக்கான், "இவனையும் கூட்டிட்டு வரட்டுமா, அவனையும் கூட்டிட்டு வரட்டுமா"ன்னு. அந்த டிக்க எடுத்திருக்கணுமாம். டிக் போட்டு வந்த காகிதத்த எவன் தம்பி திருத்துவான்? ஆபீசுல அது குத்தம்!

அது பத்தாதுன்னு, போற பக்கமெல்லாம் "உங்களுக்குச் சேதி அனுப்பட்டுமா"ன்னு கேக்குது. ஒருத்தன் மரியாதையாக் கேக்கும்போது மாட்டேன்னு சொல்லலாமா? அனுமதி குடுக்கற அந்த அலவ் பட்டன, அலவ், அலவ், அலவ்னு அமுக்கியிருக்கேன். அவ பட்டியலத் திறந்து எண்ணினா. பதினோரு பேரு. கண்ணடிச்சவளும் அதுல ஒருத்தி. நானே வான்னு கூப்பிட்டிருக்கேன் அவள.

எல்லாத்தையும் அவதான் வெளியேத்தினா. முதல்ல அந்த நாலு பேரு. ஒருத்தன் போகும்போது "நிஜமாகவே எங்களைப் பிரிய வேண்டுமா?"ன்னு அழுவான், ஆமா, இல்லைங்கற பட்டன மாத்தி வெச்சிருப்பான். ஒவ்வொரு எழுத்தா படிச்சுட்டுத்தான் அமுக்கினா. அப்புறம் பட்டை போட்டவனுங்க, பிரவுசர்ல ஒட்டிக்கிட்டு இருந்தது ரெண்டு, அதக் கழட்டினா. பதினோரு அலவையும் ரத்து பண்ணா. முதல் பக்கத்தப் பழைய பக்கமா மாத்தினா. கடைசியா வயரச் சொருகி, நம்பகமான ஒரு துப்புரவு புரோகிராம, செஞ்சவன் பக்கத்துலேர்ந்தே இறக்கி, வீடு பூராப் பெருக்கவிட்டா. அறுபத்தெட்டுக் குப்பை! அணைச்சுப் போட்டுப் பார்த்தா, ஒருத்தன் மட்டும் பூனை மாதிரி திரும்ப வந்துட்டான். அவனையும் பிடிச்சு அனுப்பினா. இப்ப காத்தாடிச் சத்தமே இல்ல. மீன்தொட்டியில குமிழி வர்ற சத்தம் கேக்குது.

எனக்குத் தனியா ஒரு கணக்குத் திறந்து குடுத்திருக்கா, அந்தக் கம்ப்யூட்டர்ல. பாக்கலாம், படிக்கலாம், போட்டோ காட்டலாம். புதுசா எதையாவது உள்ள ஏத்தணும்னா அவளோட ரகசிய வார்த்த கேக்கும். முப்பத்தோரு வருஷம் முத்திரை பிடிச்ச கை தம்பி. இப்ப தும்மறதுக்கே அனுமதி வாங்கணும்.

இன்னிக்குக் காலையில சொன்னா, "போய் அவங்ககிட்ட உங்க வாயாலயே சொல்லிட்டு வாங்க"ன்னு. சொல்லிட்டேன். இதுக்கு மேல உங்க இஷ்டம். என் மேல கோவப்படுங்க, அந்தச் சுத்தியலால ரெண்டு போடுங்க. ஆனா அவன் தங்கம் தம்பி. என் ஒரு வார்த்தையால ரெண்டு பேரு தனியா நிக்கக் கூடாது. உங்க தங்கச்சிகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்...

என்ன, ஆணியெல்லாம் துப்பறீங்க? என்ன சிரிப்பு இது, தோள் குலுங்குது? போன எதுக்குக் காட்டறீங்க? படிக்கணுமா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். இது... என் வீட்டுக்காரி நம்பராச்சே! காலையில ஏழு மணிக்கு அனுப்பியிருக்கா? நான் அப்பப் பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேனே!

"தம்பி, வணக்கம். நேத்து ஆஸ்பத்திரிக்கே போய் உங்க தங்கச்சியப் பார்த்துப் பேசிட்டேன். இறக்கின சீட்டையும் காட்டினேன். அவங்களுக்குச் சம்மதம். இவர் இன்னிக்கு வருவார். முதல்ல கம்ப்யூட்டரக் குத்தம் சொல்வார், அப்புறம் கடைக்காரன. நான்தான்னு அவர் வாயில வர்ற வரைக்கும் நீங்க வாயே திறக்காதீங்க."

அடிப்பாவி... ஏழு மணிக்கே!

கீழ இன்னும் என்னமோ இருக்கே. இது நீங்க இப்ப அனுப்பினதா? "சொல்லிட்டாரு அக்கா." நான் பேசிக்கிட்டு இருக்கும்போதேவா? எப்ப தம்பி அமுக்கினீங்க? அதுக்குப் பதிலும் வந்துடுச்சு. இருங்க, கூட்டிப் படிக்கறேன்...

"ரொம்ப நல்லது. அப்படியே லாரி ஷெட்டுக்குப் போகச் சொல்லுங்க. என் தம்பிகிட்டயும் இத மொதல்லேர்ந்து சொல்லணும். அவனும் குறுக்க பேச மாட்டான், அவனுக்கும் எழுதிட்டேன்."