தலை போற அவசரம்

காபி நல்லா இருக்கு, தம்பி. போலீஸ் ஸ்டேஷன்ல இப்படி ஒரு காபி கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்ல. எங்க த்ரியெஸ்தே ஊர்க்காரங்க எதைக் கெடுத்தாலும் காபியை மட்டும் கெடுக்க மாட்டாங்க.

நேத்து நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. அதுக்குக் கடைசியா வர்றேன். முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எழுதிக்கிற பொண்ணு நிதானமா எழுதட்டும், நான் எதையும் மாத்திச் சொல்லப் போறதில்ல.

என் வீட்டுக்காரர் துவிலியோ முப்பத்தி நாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டினவர். ரெண்டு நிமிஷம் பிந்தினாலும் மேலிடத்துல கேள்வி கேப்பாங்க. அந்த முப்பத்தி நாலு வருஷமும் அவர் ஒரு வாய் சோத்தைக்கூட உட்கார்ந்து மென்னு தின்னு நான் பார்க்கல. ரிடயர் ஆன அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுக் கடற்கரைக்குப் போய், கைக்கடிகாரத்தைக் கழட்டித் தண்ணியில வீசினார். பக்கத்துல மீன் பிடிச்சிட்டிருந்தவங்க கை தட்டினாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கே நான் சிரிச்சிருக்கக் கூடாது.

அதுல இருந்து பதினோரு வருஷம், ஞாயித்துக்கிழமைன்னா கார்ல உலா. மணிக்கு முப்பது கிலோமீட்டர். பின்னாடி பத்து வண்டி ஹார்ன் அடிச்சிட்டே வரும். "அடிக்கட்டும் விடு. அவனுக்கு என்ன தலை போற அவசரம்?" அதுதான் அவர் மந்திரம். பார்க்கோலாவுல குளிக்கிறவங்களை வேடிக்கை பார்க்க நிறுத்துவார். சிஸ்தியானாவுல படகை எண்ண நிறுத்துவார். அப்புறம் வண்டி மலை ஏறும். ஏறினா கொத்து.

நீங்க தெற்கத்திக்காரர், உங்களுக்கு இது புதுசா இருக்கும். மேல கிராமங்கள்ல திராட்சை போடுறவங்க வருஷத்துல கொஞ்ச நாள் மட்டும் வீட்டு முற்றத்துல பெஞ்சு போட்டு சொந்த ஒயினை விப்பாங்க. தொட்டுக்க அவிச்ச முட்டை, பன்னிக்கறி, சீஸ். ஒஸ்மிட்ஸான்னு சொல்லுவோம். எந்த வீடு திறந்திருக்குன்னு ரோட்டு முக்குல ஐவி இலைக்கொத்து ஒண்ணு கட்டித் தொங்கவிடுவாங்க, கீழ ஒரு சிவப்பு அம்பு, அதுல வீட்டுப் பேர். பீப்பாய் தீர்ந்ததும் அவங்களே கழட்டிடணும். தீர்ந்த பிறகும் கொத்து தொங்கினா அந்தக் குடும்பத்தை ஊரே ஏசும். அதனால எங்க பக்கத்துல எதையும் நம்பாதவனும் கொத்தை நம்புவான். அது காட்டின பக்கம் கேள்வியே கேக்காம திரும்புவான்.

துவிலியோ கொத்தைப் பார்த்தா எஞ்சினை அணைச்சிடுவார். இறங்கிப் போய் ஒரு இலையைக் கிள்ளி நசுக்கிப் பார்ப்பார். ஈரம் இருந்தா பீப்பாய் இப்பத்தான் திறந்திருக்காங்க, காஞ்சிருந்தா அடிமண்டிதான் மிச்சம். கண்ணாடி போட மாட்டார், வீம்பு. அதனால அம்புல இருக்கிற பேரை மூக்கு படுற தூரத்துல நின்னு ஒவ்வொரு எழுத்தா படிப்பார். நான் கார்ல உட்கார்ந்து கைப்பை வாரைத் திருகிட்டு இருப்பேன். எட்டு கைப்பை பிஞ்சிருக்கு.

என் தங்கச்சி யொலாந்தா கொரீட்ஸியாவுல இருந்தா. செப்டம்பர்ல அவளை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. இனி வீட்டுக்கு வர மாட்டான்னு அவ பொண்ணு போன் பண்ணி அழுதா. எனக்கும் யொலாந்தாவுக்கும் பேச்சு இல்ல. எங்கம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டது அவதான். அம்மா கண்ணை மூடினப்ப நான் பிந்திப் போனேன். துவிலியோவுக்கு பஸ்ல லீவு கிடைக்கல, அதான். யொலாந்தா வாசல்லயே நின்னு, "நீ வேணும்னுதான்டி லேட்டா வர்ற"ன்னா. துக்கத்துல சொன்ன வார்த்தை. நான் பெருசா எடுத்துக்கல. பன்னிரண்டு வருஷம் பேசல, அவ்வளவுதான்.

இப்ப அவளே என்னைக் கேக்குறான்னு பொண்ணு சொன்னா. போய் அவ கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் பார்க்க விடுவாங்க. எட்டரைக்குக் கிளம்பினா பத்துக்கெல்லாம் போயிடலாம்.

முதல் ஞாயிறு, வழியில ரெண்டு கொத்து. போனப்ப மணி ஒண்ணு. ரெண்டாவது ஞாயிறு அவருக்குப் பழைய கண்டக்டர் ஒருத்தர் ஒஸ்மிட்ஸாவுல மாட்டினார், சீட்டு விளையாடினாங்க. "துவிலியோ, அவ காத்துட்டு இருப்பா"ன்னேன். "அவ எங்க ஓடிடப் போறா? இந்தக் கிளாஸை முடிச்சிடறேன்"னார். மேசையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. மூணாவது ஞாயிறு பன்னிரண்டேகாலுக்குப் போயிட்டோம். நர்ஸ் வெளிய வந்து, "காலையில இருந்து தலை சீவிக்கிட்டு உட்கார்ந்தே இருந்தாங்கம்மா, இப்பத்தான் ஊசி போட்டு தூங்க வச்சோம்"னு சொன்னா. எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. படி ஏறின களைப்பு. நாலாவது ஞாயிறு நாங்க போய்ச் சேரவே இல்ல.

வியாழக்கிழமை போயிட்டா.

அடக்கத்துக்கும் பிந்தினோம். நாங்க போறப்ப மண்ணைத் தட்டிச் சமமாக்கிட்டு இருந்தாங்க. துவிலியோ கையில ஒரு பாட்டில் தெரானோ ஒயின். வழியில வாங்கினது. யொலாந்தா பொண்ணு என்னை ஏறெடுத்தும் பார்க்கல. திரும்பி வர்றப்ப, "பார்த்தியா, எங்கயும் ஓடல, அங்கயேதான் இருக்கா"ன்னார். மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டு சொல்லல, தம்பி. அவர் நல்ல மனுஷன். தமாஷ்னு நினைச்சார்.

அன்னிக்கு எனக்குக் கோபம்கூட வரல. அலுத்துப் போச்சு. பதினோரு வருஷமா ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத ஒருத்தி நான். இந்த மனுஷனை ஒரு தடவையாவது ஒரு இடத்துல கொண்டு போய்ச் சேர்த்துடணும்னு தோணுச்சு.

எங்க மாமாவோட பழைய மேய்ச்சல் நிலம் ஒண்ணு மேல ரோட்டோரமா இருக்கு. எங்க பக்கத்து மண் அடியில எல்லாம் பொந்து. அந்த நிலத்துல மூணு ஆள் ஆழத்துக்கு ஒரு குழி உண்டு, ஆடு விழாம இருக்கப் பலகை போட்டு மூடி வச்சிருப்பாங்க. புதன்கிழமை காலையில பஸ் ஏறினேன். ஒன்பது பத்துக்கு இறங்கினேன், ஒரு நிமிஷம் முன்னபின்ன இல்ல. நல்ல பலகை அஞ்சு இருந்தது, ஒண்ணொண்ணா இழுத்துப் புதருக்குள்ள போட்டேன். உளுத்த பலகை ரெண்டை மட்டும் குறுக்க வச்சு மேல இலையைப் பரப்பினேன். குழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓக் மரம், கொத்தையும் அம்பையும் அதுலதான் தொங்கவிட்டேன். ஐவி கல்லறைத் தோட்டத்துச் சுவர்ல அறுத்தது. கட்டினது பூக்கடைக் கம்பி, கொத்து கட்டுறவங்க யாரும் அதைத் தொட மாட்டாங்க, அதை வச்சுத்தான் நீங்க கண்டுபிடிச்சீங்கன்னு நினைக்கிறேன். அம்புல, கண்ணாடி இல்லாமலே தெரியற மாதிரி கொட்டை எழுத்துல ஒரு பேர் எழுதினேன். யொலாந்தா.

அந்தப் பேர் ஏன்னு கேப்பீங்க. அவருக்கு நான் கொடுத்த வாய்ப்பு அது. இது நியாயமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. நான் அவரைத் தள்ளல. ஒரே ஒரு கொத்தை நிறுத்தாம தாண்டிப் போயிருந்தா போதும். நிறுத்தினாலும், அந்தப் பேரைப் படிச்சதும் கிட்டப் போகாம திரும்பியிருந்தா போதும்.

ஞாயிறு பதினோரு மணி. நல்ல வெயில். கொத்தைப் பார்த்ததும் எஞ்சினை அணைச்சார். "இங்க யாரும் திறந்து நான் பார்த்ததில்லையே"ன்னு சொல்லிட்டே இறங்கினார். நான் கைப்பை வாரைத் தொடக்கூட இல்ல. கழுத்தை நீட்டிப் படிச்சார். பாதி தூரத்துலயே பேர் புரிஞ்சிடுச்சு. திரும்பி என்னைப் பார்த்தார். முகம் மாறும்னு நினைச்சேன்.

"ஏ நெரீனா, இங்க வந்து பாரு கூத்தை. உன் தங்கச்சி கடை திறந்துட்டா. செத்தும் சும்மா இருக்க மாட்டேங்கிறா"ன்னு சிரிச்சுக்கிட்டே இலையைக் கிள்ள இன்னும் ரெண்டு அடி வச்சார்.

பலகை உடைஞ்சப்ப பெருசா சத்தம் ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளிருந்து குரல் வந்தது. "நெரீனா, இடுப்புல அடிபட்டிருக்கு, கால் அசையல. ஆளைக் கூட்டிட்டு வா. சீக்கிரம் போ."

சீக்கிரம்னு அவர் வாயில இருந்து வந்து பதினோரு வருஷம் ஆச்சு. நான் ஓரமா நின்னு, "என்ன தலை போற அவசரம், துவிலியோ?"ன்னேன். அவர் முதல்ல சிரிச்சார். அப்புறம் சிரிக்கல.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. முப்பதுலதான் ஓட்டினேன். பின்னாடி ஒருத்தன் ஹார்ன் அடிச்சான், அடிக்கட்டும்னு விட்டுட்டேன். அடுத்த கிராமத்துல மில்கா வீட்டு ஒஸ்மிட்ஸா திறந்திருந்தது, நிஜக் கொத்து. இறங்கி இலையைக் கிள்ளிப் பார்த்தேன், ஈரம். ரெண்டு முட்டை, கொஞ்சம் சீஸ், கால் லிட்டர் தெரானோ. "எங்க உன் ஆளு?"ன்னு மில்கா கேட்டா. "வர்றார், அவர் என்னிக்கு வேகமா வந்திருக்கார்?"னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். இந்த வருஷம் ஆலங்கட்டி மழையில பாதிக் காய் போச்சாம், பாவம். முட்டை ஓட்டையெல்லாம் கூட்டித் தட்டுல வச்சுட்டு, ஒண்ணே முக்கால் மணி நேரம் கழிச்சு அவகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. கயித்தை எடுத்துட்டு அவதான் முதல்ல ஓடினா.

உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, ஒரு மணி நேரம் முன்னாடி தூக்கியிருந்தா பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார். ஆமா. எனக்கும் ஒரு மணி நேரம்தான் பிந்துச்சு, அந்த முதல் ஞாயிறு.

இதுதான் நடந்தது. நான்தான் செஞ்சேன். கையெழுத்து எங்க போடணுமோ போடறேன்.

இப்ப உங்க கேள்வி. குழி வரைக்கும் தனியா பஸ் ஏறி நேரத்துக்குப் போனவங்க, கார் ஓட்டத் தெரிஞ்சவங்க, தங்கச்சிகிட்ட மட்டும் ஏன் தனியா போகலைன்னு கேட்டீங்க.

ரயிலே இருக்கு, தம்பி. ஸ்டேஷன் எங்க வீட்டுக்குக் கீழதான். எட்டு பதினாலுக்கு ஒரு வண்டி, ஒரு மணி நேரத்துல கொரீட்ஸியா. நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். நாலு ஞாயிறும் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு அந்த வண்டி போறதைப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் கைப்பையை எடுத்தேன்.

ஆனா காரை ஓட்டினது அவர்தானே, தம்பி?