இல்லாத சர்வரைக் கூப்பிடும் காலைகள்

இந்தச் சாப்பாட்டுக் கூடத்தையே சபையாக்கி நடுநாயகமாய் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முடி நரைத்தும் முதுகு வளையாத மூத்தவர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே பேருந்தில் தொற்றி வரும் தாய்மார்களே! இடமில்லாமல் பின்னால் நிற்கும் தோழர்களே! கணினிப் பழுது பார்ப்பவனின் வணக்கம்.

நம் கீழ்த்தளத்தின் காலையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மேலே மின்விசிறி சுற்றுகிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது. கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுக் கன்னத்தில் கையூன்றி, நீல வெளிச்சத்தில் மிதக்கின்றன முகங்கள். விழித்திருக்கும் கண், உறங்கிவிட்ட மனம். கணக்குப் பிரிவு அண்ணன் அந்த வட்டத்துக்குள் இறங்கி, ஏதோ ஒரு கடற்கரையில் செருப்பைக் கழற்றுகிறார். பதிவுப் பிரிவு அக்காவிடம் கேட்டேன். "அதுக்குள்ள என் பொண்ணு கயிறு தாண்டுறா தம்பி. எண்ணிக்கிட்டே இருப்பேன். திடீர்னு திரை தொறந்துடும். அவ அந்தரத்துலயே நின்னுடுவா" என்றார்.

யாரது சிரிப்பது? அண்ணே, நீங்கள் குறட்டை விட்ட கதையைச் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி, பிழைத்துப் போங்கள்.

அழகான கனவுதான். ஆனால் அந்தக் கனவுக்கும் தண்டனை வைத்தார்களே! இங்கே வருகை எப்போது பதிவாகிறது? வாசலில் கால் வைக்கும்போதா? இல்லை. நாற்காலியில் அமரும்போதா? இல்லை. திரை திறக்கும்போது! நாமெல்லாம் முன்னதாகவே ஓடிவந்து தப்பித்தோம். அக்காவோ பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சரியான நேரத்துக்கு வருபவர். அக்கா நேரத்துக்கு வந்தார். திரை நேரத்துக்குத் திறக்கவில்லை. தாமதம், தாமதம் என்று குறித்து, ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று நோட்டீஸ் நீட்டினார்கள்.

மேலாளரிடம் போனோம். "என் கம்ப்யூட்டர் பட்டுனு தொறக்குதே! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

கேபிளை மாற்றினேன், வட்டம் சுற்றியது. வைரஸைத் தேடினேன், வட்டம் சுற்றியது. கடைசியில் ஆளையே மாற்றிப் பார்த்தேன். மாடியில் மேலாளர் கணினியில் அக்கா தன் கடவுச்சொல்லைத் தட்டினார். இமைப்பதற்குள் திறந்தது! மேலாளரைக் கீழே அழைத்துவந்து அக்காவின் நாற்காலியில் அமர்த்தினேன். தட்டினார். வட்டம் சுற்றியது. கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். கன்னத்தில் கையூன்றினார். இமைகள் தாழ்ந்தன.

"என்னய்யா இது, தூக்கமா வருது?"

"அந்தத் தூக்கத்துக்குத்தான் சார் எனக்கு நோட்டீஸ்" என்றார் பின்னாலேயே இறங்கி வந்த அக்கா.

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! மாடிவரை கேட்கட்டும்.

நடந்தது இதுதான். எல்லாருடைய கோப்புகளையும் வைத்திருந்த பழைய சர்வர் கணினி ஒன்றைக் கழற்றி விற்றுவிட்டார்கள். மாடியில் இருப்பவை புதுக் கணினிகள். அவற்றுக்கு அந்தச் சர்வரைத் தெரியவே தெரியாது. கீழ்த்தளக் கணினிகளுக்கோ அது போன சேதியை எவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் அவை கூப்பிடுகின்றன: இருக்கிறாயா? இருக்கிறாயா? பதில் இல்லை. காத்திருந்து, காத்திருந்து, நம்பிக்கை இழந்த பிறகே கதவைத் திறக்கின்றன. அப்படிக் கூப்பிடச் சொன்னது ஒற்றை வரிக் கட்டளை. அழித்தேன். மறுநாளே திரைகள் உடனுக்குடன் திறந்தன.

நோட்டீஸ் மட்டும் அப்படியே நிற்கிறது! "இனிமே லேட் ஆகாதுல்ல, பழசை எதுக்குக் கிளறுறீங்க?" என்கிறார் மேலாளர். இயந்திரத்தின் பிழையை அழிக்க ஒரு விரல் போதுமாம். மனுஷிமேல் போட்ட பழியை அழிக்க ஒரு விரலும் அசையாதாம்! இது என்ன நீதி? எந்த ஊர் நியாயம்?

நாளைக் காலை மாடியில் அக்காவுக்கு விசாரணை. நாம் எல்லோரும் வருவோம். அவரவர் இடத்தில் அமர்வோம். ஆனால் அக்காவின் நோட்டீஸ் ரத்து என்று எழுத்தில் வரும்வரை ஒருவரும் கடவுச்சொல்லைத் தட்ட மாட்டோம்.

என்னம்மா, சம்பளம் பிடிப்பார்களா என்கிறீர்களா? பொய் சொல்ல மாட்டேன், பிடிக்கலாம். ஆனால் நாளை அக்கா தனியாக அந்த மாடிப்படி ஏறினால், நாளை மறுநாள் நீங்களும் தனியாகத்தான் ஏறுவீர்கள்.

சம்மதம் உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள். பின்னால் ஏற்கெனவே நிற்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

அண்ணே, நீங்களுமா? தாய்மார்களே, அத்தனை பேருமா? அக்கா, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டும்தான்.

எழுந்து நிற்கும் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்!