கதவுக்கடியில் ஓடும் நூல்

அப்படி இறுக்கிப் பிடிக்காதேம்மா, ஊசி என்ன ஓடியா போயிடும்? பென்சில் பிடிக்கிற மாதிரி லேசா பிடி. ம்... நூலைச் சுண்டுவிரல்ல ஒரு சுத்து சுத்தி, ஆள்காட்டி விரல் மேல விடு. அந்த விரல்தான் நூலுக்கு பிரேக்.

சிரிக்காதே. நேத்து வந்து இறங்கினதும் இறங்காததுமா நீதானே சொன்னே, அண்ணிக்கு என்ன குறைச்சல், எந்நேரமும் நூலும் ஊசியுமா சொகுசா இருக்காங்கன்னு? அந்தச் சொகுசை நீயும் கொஞ்சம் அனுபவி, நாத்தனாரே.

முதல்ல சங்கிலி. ஊசியில நூலை மாட்டு, கண்ணிக்குள்ள இழு. மாட்டு, இழு. ஊசியில தொங்குது பாரு, அந்தக் கண்ணியை எண்ணக்கூடாது. குரோஷா, அதான் இந்தக் கொக்கி ஊசிப் பின்னல், புதுசா கத்துக்கிற எல்லாரும் அதையும் சேர்த்து எண்ணிட்டு, அப்புறம் துணி ஏன் கோணிக்கிச்சுன்னு முழிப்பாங்க.

ஐயோ, வெடுக்குனு இழுக்காதே!

கேட்டுதா? உள்ள உங்கண்ணன் தடியால தட்டுறார்.

ஒண்ணுமில்லீங்க, நூல் சிக்கிக்கிச்சு! இதோ பின்னிக்கிட்டுத்தான் இருக்கேன்!

மெதுவா பேசு. உள்ள ரேடியோ ஓடுது, ஆனாலும் உங்கண்ணனுக்குக் காது ரொம்பக் கூர்மை. எதுக்குத் தட்டுறாரா? நூல் எங்கேருந்து வருதுன்னு நீ இன்னும் பார்க்கலையா? அந்தக் கதவுக்கு அடியில பாரு. கட்டில்ல உக்காந்திருக்கார்ல, அவர் கைக்குள்ள இருக்கு நூல்கண்டு. நான் பின்னப் பின்ன அது உருளும். உருண்டா நான் இங்க இருக்கேன்னு அர்த்தம். நின்னா தட்டுவார். தட்டியும் நான் குரல் கொடுக்கலைன்னா, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, தெருவுக்கே கேக்கிற மாதிரி என்னைப் பத்திப் பேசுவார். என்ன பேசுவார்னு சொல்ல எனக்கே வாய் கூசுது. அவர் தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்ல?

கண்ணு தெரியாத மனுஷன், பயமா இருக்கும்ங்கிறே. சரி. தானே முகம் மழிச்சுக்கிறார், தானே குளிக்கிறார், கையால தடவியே ரேடியோவுல ஸ்டேஷன் மாத்துறார். கண்ணு நல்லாத் தெரிஞ்ச காலத்துல வாசக்கதவை ஒட்டி நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரே, நீயும் பார்த்திருக்கியே, அப்போ எதுக்குப் பயம்? கண்ணு போனதும் நாற்காலியை விட்டுட்டு நூலைப் பிடிச்சுக்கிட்டார். அவ்வளவுதான். ஒரு கீரைக்கட்டு வேணும்னாகூட கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் மேல கொண்டுவந்து தரணும்.

நிறுத்தாதே, பின்னு. இப்போ திரும்பி வர்ற வரிசை. சங்கிலி மேல ஜடை மாதிரி ரெண்டு இழை தெரியுதுல்ல? ரெண்டுக்கும் அடியில ஊசியை விடு. ஒத்தை இழையில விட்டா இளிச்சுக்கிட்டு நிக்கும். வரிசை முடிஞ்சதும் ஒரு சங்கிலி ஏத்தித் திருப்பு. ஓரத்துக் கண்ணியில ஒரு ஊக்கு மாட்டிக்கோ, இல்லேன்னா அதைத் தாண்டிப் போயிடுவே. மப்ளர்னு ஆரம்பிச்சது முக்கோணமா முடியும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. பூனைக்குத் தொப்பியான்னு கேட்டார் உங்கண்ணன். அப்போ அவருக்குக் கண்ணு தெரியும்.

அழகா வரணும்னு கவலைப்படாதே. ஒரே சீரா வரணும். கண்ணிக்கு ரெண்டு சின்ன இழுப்பு, நடுவுல மூச்சு விடுற நேரம். அதான் என் கை. வேற கைன்னா அவருக்கு உடனே தெரிஞ்சிடும்.

ஆங்... அப்படித்தான். தட்டலை பார்த்தியா? நிஜமாத்தான் சொல்றேன், உனக்குக் கை நல்லா பழகிடுச்சு. நான் கத்துக்க எவ்வளவு நாள் திட்டு வாங்கினேன் தெரியுமா?

செருப்பா? ஆமா, போட்டுக்கிட்டேன். குழந்தைங்க ஸ்வெட்டர் விக்கிற கடை ஒண்ணு இருக்கு. என் வேலையைத் தையல்காரம்மா அங்க கொண்டுபோய்க் காட்டியிருக்காங்க. புதுசா வர்றவங்களுக்குப் பின்னல் சொல்லித்தர ஆள் வேணுமாம். மாடியில தங்க ஒரு அறையும் தர்றாங்களாம். என் பை காலையிலேயே அவங்ககூட கீழ இறங்கிடுச்சு.

கத்தாதே. கத்தினா கண்டைப் போட்டுட்டு எழுந்து வந்துடுவார். எதிர்ல பஸ் நிக்குது பாரு, ஜன்னல்ல தெரியும். நான் ஏறி அது கிளம்புற வரைக்கும் பின்னினாப் போதும். அப்புறம் ஊசியை வச்சுட்டு நீயே உள்ள போய்ச் சொல்லிடு. சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன்.

திரும்பி எப்போவா? இல்லம்மா, வரலை.

எழுந்திரிக்காதே, கண்ணி நழுவுது பாரு.