பதினாலாவது கிணறு

ஆறுமுகசாமி: மொதல்ல உக்காருங்க்கா. பையைப் புடிச்சுட்டு வாசல்லயே நின்னா என்ன அர்த்தம்?

மருதாத்தாள்: உக்கார வரலீங் தம்பி. சங்கத்துச் சாமானம் ஊட்டுல கெடக்குது… குடுத்துட்டுப் போலாம்னு.

ஆறுமுகசாமி: ஆரு கேட்டா இப்ப?

மருதாத்தாள்: ஆரும் கேக்கல. வாளி, கவுறு, சுண்ணாம்பு மட்டை. எம்பேரு போட்ட சீட்டு ஒன்னு. சரி பாத்துக்குங்க.

ஆறுமுகசாமி: அக்கா… வெளிய போர்டு பாத்தீங்களா? ‘இளைஞர் சுகாதார சங்கம்’. நேத்துத்தான் எழுதுனது.

மருதாத்தாள்: பாத்தேன், பாத்தேன். சீலையில பெயிண்டு ஒட்டிக்கிச்சு.

ஆறுமுகசாமி: நீங்க போயிட்டா உங்கூரு மேட்டுக்காட்டுக்கு எனக்கு ஆருக்கா இருக்கறா? பசங்க போனா பொம்பளைங்க கதவச் சாத்திக்குவாங்க. நீங்க போயி நின்னதுக்கு அப்பறந்தான் தொறந்தாங்க.

மருதாத்தாள்: இப்ப எனக்கும் சாத்தறாங்க.

ஆறுமுகசாமி: கொஞ்ச நாளுக்கா. மறந்துருவாங்க.

மருதாத்தாள்: மூணு புள்ளைங்க தம்பி. எப்புடிங் மறப்பாங்க?

ஆறுமுகசாமி: …அதுல ஒன்னு உங்க கமலா. எனக்குத் தெரியாதாக்கா? காலையில வாந்தி பேதின்னாங்க, பொழுது உழுகறதுக்குள்ள…

மருதாத்தாள்: வேண்டாமுங்க. அதைப் பேச வேண்டாம்.

ஆறுமுகசாமி: சரி, பேசல. நாளைக்கு ஆபீசரு வர்றாரு. சங்கத்துக்கு ஜீப்பு கேட்டு நாம எழுதுன அபேக்ஷையைக் கையிலயே வச்சிருக்காரு. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

மருதாத்தாள்: என்னன்னுங்?

ஆறுமுகசாமி: நம்ம சங்கத்துப் பையன் மத்தியாஸ், உங்கூருக் கெணத்துல மருந்து போடாமயே கோடு போட்டுட்டு வந்துட்டான்னு. சங்கத்து மேல தப்பில்லைன்னு. பெத்தவ வாயில வந்துட்டா…

மருதாத்தாள்: ஓ… அதுக்குத்தான் உக்காரு, உக்காருன்னீங்களாக்கும்.

ஆறுமுகசாமி: அப்புடி இல்லீங்க்கா! எழுபதாம் வருசத்துல நாங்க அஞ்சு பேரு. ஒரு ஓட்டை சைக்கிளு. வேலந்தாவளம் சந்தையில மாட்டுத் தரகனுங்க என்னா சிரிப்பு… ‘கெணத்துக்கு வைத்தியம் பாக்கற டாக்டருங்க வந்துட்டாங்கடோய்’னு. இன்னைக்குப் பதினாலு ஊரு, நூத்திச் சொச்சம் பசங்க. கோடு இல்லாத கெணத்துல சம்பந்தக்காரங்க கை நனைக்கறதில்ல. இதெல்லாம் நாளையோட…

மருதாத்தாள்: நானுந்தான ஊடு ஊடாப் போயிச் சொன்னேன்? கெணத்துச் செவுத்துல வெள்ளைக்கோடு இருந்தா மருந்து போட்டாச்சு, பயமில்லாமக் குடிங்கன்னு.

ஆறுமுகசாமி: அதத்தான் நானுஞ் சொல்றேன்…

மருதாத்தாள்: மத்தியாஸ ஊரே சேந்து அடிச்சுதே, பாத்தீங்களா?

ஆறுமுகசாமி: …கேள்விப்பட்டேன்.

மருதாத்தாள்: மண்டை ஒடஞ்சு கோயமுத்தூருக்கு ஓடிட்டான். அவங்கம்மா நடு ரோட்டுல எங்காலப் புடிச்சுட்டு அழுவறா. ‘எம்பையன் சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான்’னு. அது நெசந்தானுங்களே?

ஆறுமுகசாமி: கதவச் சாத்தட்டுங்களா?

மருதாத்தாள்: தொறந்தே கெடக்கட்டும்.

ஆறுமுகசாமி: மருந்து தீந்து போச்சுக்கா. அந்த வாரம் ஒரு டின்னு வரல. பதிமூணு ஊரோட நிறுத்தியிருக்கோணும்… பதினாலு ஆனாத்தான் ஜீப்புன்னு ஆபீசரு சொல்லிட்டாரு. நாந்தான் மத்தியாஸ்கிட்டச் சொன்னேன். கோட்டை மட்டும் இழுத்துட்டு வாடா, மருந்து வந்ததும் போட்டுக்கலாம்னு. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் சத்தம் போட்டு அனுப்புனேன்.

மருதாத்தாள்: ம்.

ஆறுமுகசாமி: ஒரு ஜீப்பு இருந்தா எத்தனை உசுரக் காப்பாத்தலாம்னு நெனச்சேன்… ஒரு வாரந்தானக்கா! ஒரு வாரத்துல என்னாயிரும்னு… பாவி நானு. அக்கா, ஏதாச்சும் பேசுங்க.

மருதாத்தாள்: என்னத்தப் பேச?

ஆறுமுகசாமி: திட்டுங்க. செருப்பக் கழட்டி அடிங்க, மண்ணை வாரித் தூத்துங்க. இப்புடிச் சும்மா நிக்காதீங்க, என்னால முடியல…

மருதாத்தாள்: நான் எந்த வாயில தம்பி திட்டுவேன்? மருந்து போட்ட தண்ணி எப்புடி மூக்கப் புடுங்கும்னு உங்ககூட ஊரு ஊரா வந்து கத்துக்கிட்டவ நானு. மொதக் கொடம் எறைச்சப்பவே தெரிஞ்சு போச்சு… நாத்தமே இல்ல. சங்கத்துக்காரி குடிக்கறாளா பாப்பம்னு ஊரே சுத்தி நிக்குது. இல்லைன்னா சங்கத்து மானம் போயிருமேன்னு நாங் குடிச்சேன். அப்பவும் ஒருத்தியும் கொடத்தை எறக்கல. அப்பறந்தான் கமலாவக் கூப்புட்டு… எங்கையாலயே அவ வாயில ஊத்துனேன்.