பங்கா இழுத்த சவரியப்பன்

உச்சி வெயில் நேரம். திருவரங்குளம் சாலையில் ஒரு காக்கைகூட இல்லை... கிட்ட வந்து உட்காருங்கள். இருட்டினால்தான் பயம் என்று நினைக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. நம்ம தெருக்காரர் திருப்பதியின் பெரிய மாமனார், வக்கீல் ரெங்கசாமிக்கு. ஐம்பத்திரண்டாம் வருடம், சித்திரை மாதம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வழக்குக்கு ஒரு பழைய தீர்ப்பு வேண்டியிருந்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த சட்ட நூலகத்துக்குச் சைக்கிளில் போனார். பூட்டைத் திறந்தார். பூச்சி அரித்த தோல் அட்டைகளின் வாடை...

சமஸ்தான காலத்தில் அங்கே மின்விசிறி கிடையாது. கூரையிலிருந்து நீளமான துணிப் பங்கா தொங்கும். அதன் கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே போகும். தாழ்வாரத்தில் குந்தி, சவரியப்பன் அதை இழுப்பான்.

அந்தக் காலத்தில் ரெங்கசாமியின் தம்பி நாகராசு ஒருவனைக் குத்திக் கொன்றான். பழி சவரியப்பன் மேல் விழுந்தது. விழவில்லை... ரெங்கசாமி விழவைத்தார். அவனுக்கு வக்கீலாகவும் அவரே நின்றார்.

"நீ கோர்ட்டுல வாயத் தெறக்காத. நான் பாத்துக்கிறேன்."

நம்பினான். கடைசிவரை வாய் திறக்கவில்லை. தூக்கில் போட்டார்கள்.

பங்காவையும் கழற்றி வருடங்கள் ஆகிவிட்டன. கூரையில் கொக்கிகள் மட்டும்தான் மிச்சம்.

புத்தகத்தைப் பிரித்தார். பிடரியில் சில்லென்று காற்று. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கிரீச்... கிரீச்... அண்ணாந்து பார்த்தார். வெறும் கொக்கி. எங்கிருந்தோ பீடி நாற்றம். சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"ஐயா... காத்து போதுங்களா?"

எத்தனை வருடப் பழக்கம்! யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"இன்னும் இழுடா."

சொன்ன பிறகுதான் சவரியப்பன் செத்தவன் என்பது நினைவுக்கு வந்தது. கிரீச் கிரீச் கிரீச்... கழுத்தை எதுவோ சுற்றி இறுக்கியது. கத்தினார். சத்தம் வரவில்லை. தடுமாறி வெளியே ஓடினார். தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை.

ராத்திரி முழுக்க சுக்கு வெந்நீர் குடித்தார். பேச்சு வரவில்லை. விடிந்ததும் லேசாகச் செருமல் வந்தது. அந்தத் தைரியத்தில் கோர்ட்டுக்குப் போனார். கூட்டம் நெரிந்தது. பின் பெஞ்சில் நாகராசு. ரெங்கசாமி எழுந்து நின்று வாயைத் திறந்தார்.

வந்தது அவர் குரல் இல்லை.

"நான் குத்தலீங்க சாமி. குத்துனது நாகராசு. பேசாதடான்னு ஐயா சொன்னாக... பேசாம இருந்துட்டேன்."

நாகராசு அலறிக்கொண்டு வெளியே ஓடினான். சாயங்காலம் கிணற்றில் மிதந்தான்.

ரெங்கசாமியை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். தம்பி செத்த சேதி சொன்னபோது அவர் அழவில்லை. நாற்காலியில் உட்காரவுமில்லை. வாசல்படி ஓரம் தரையில் குந்தினார். மனைவி அமிர்தவல்லி கிட்டே போனாள். பீடி நாற்றம். அவள் புருஷன் பீடியைத் தொட்டதே கிடையாது.

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"யாரு நீ...? எங்க வீட்டுக்காரவுக எங்க?"

ரெங்கசாமியின் முகம் மெல்லச் சிரித்தது.

"ஐயா அங்கிட்டு லைப்ரரியில கயிறு இழுக்குறாகம்மா... நான் இன்னும் நிறுத்தச் சொல்லல."