கூப்பிடாத கடை

— வேணாம் அண்ணே, வாசல்ல ஒட்டின காகிதத்தைக் கிழிக்காதே. அப்பா காலத்துலேந்து இந்தக் கடைக்குக் கிடைச்ச ஒரே விளம்பரம் அதுதான்.

— மூடற அன்னைக்கு என்ன விளம்பரம் தங்கச்சி? தையல் மெஷினைக் காலையிலயே வண்டியில ஏத்தி விட்டாச்சு. சாயங்காலம் சாவியைக் குடுக்கணும்.

— ‘ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு அளவெடுத்து ஷூ செய்யும் கடை, இன்றோடு மூடப்படுகிறது.’ இவ்வளவுதான் எழுதினேன். மத்தியானத்துக்குள்ள படி முழுக்க ஆளு. எல்லாரும் ஒரே கேள்விதான்: இப்படி ஒரு கடை இங்க இருந்துச்சா?

— போகச் சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். நான் துணி விக்கிறவ. வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பிப் பழக்கமே இல்ல. வாய் கூசுது.

— குட்டைக் காலுக்கு ஷூன்னு பலகை வெச்சிருந்தா, உள்ள நுழையறவங்களைத் தெருவே திரும்பிப் பாத்திருக்கும். அதுக்குத்தானே அப்பா கண்ணாடிக்குள்ள சாதா ஷூவை மட்டும் வெச்சாரு?

— கேளு. என்கிட்ட வாங்கின துணி நல்லா இருந்தா, உடுத்தினவளை நாலு பேர் நிறுத்தி எங்க வாங்கினேன்னு கேப்பாங்க. உன் ஷூ நல்லா இருந்தா, போட்டவன் நொண்டறதே தெரியாது. தெரியலேன்னா யாரு கேப்பா? நீ கெட்டிக்காரனா ஆக ஆக, உன் கடை மறைஞ்சுக்கிட்டே போச்சு.

— சரி விடு.

— தெருவுல தமுக்கடிக்கவா சொன்னேன்? எலும்பு டாக்டர் மேசையில ஒரு சீட்டு. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் காதுல ஒரு வார்த்தை. உன்னைத் தேடறவங்க எங்க போய்த் திண்டாடறாங்கன்னு பாத்து, அவங்களுக்கு முன்னாடி அங்க போய் நில்லுன்னேன். வியாபாரத்துக்கு ஒரு திட்டம்னா அவ்வளவுதான். நீ என்னை வாயாடின்னே.

— நொண்டற ஆளை நிறுத்தி, நீ நொண்டறே, உள்ள வா சரி பண்றேன்னு எந்த வாயால சொல்றது? அவங்களா வரணும்.

— அவங்களா வந்த ஒருத்தி இன்னும் போகலை. முடியாதுன்னு சொல்லியும் கீழ்ப்படியில உக்காந்திருக்கா. மேல் வீட்டு அம்மா.

— மேல் வீடா?

— நம்ம கூரைக்கு மேல குடியிருக்கறவதான். அவங்க படி பின்சந்துல இறங்குது, இந்தப் பக்கமே வந்ததில்லையாம். மகளுக்காகக் கேக்க வந்தா. பொண்ணுக்குப் பொறந்ததுலேந்து இடது கால் குட்டை. இப்ப இடுப்பெலும்பு தேஞ்சு படுத்த படுக்கையாயிடுச்சாம். நடக்கப் பழகின வயசுலயே ஷூவுல உயரம் குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாராம். இனிமே ஷூ போட்டும் பிரயோஜனமில்லையாம். தெரிஞ்சும் வந்து உக்காந்திருக்கா.

— இனிமே ஷூ போட்டும் பிரயோஜனமே இல்லையாமா?

— ஏன் அண்ணே இப்படி ஆயிட்டே? உன்னைக் குத்தம் சொல்லலை. நீ அந்தப் பொண்ணைக் கண்ணால பாத்ததுகூடக் கிடையாது. உனக்கு எப்படித் தெரியும்?

— பாக்கணுமா? என் தலைக்கு மேலதானே நடந்துச்சு. ஒரு அடி கனமா, ஒரு அடி லேசா. அது வளர வளர, அந்தக் காலுக்கு எவ்வளவு உயரம் வைக்கணும்னு இங்க உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டேதான் இருந்தேன்.