பிரேமினிக்குத் திறக்காத தடாகம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, தொழிற்சங்கத்துப் பெரியவர்களே, மண்டபத்துக்கு வெளியே மழையில் நனைந்தபடி நிற்கும் என் தேயிலைத் தோட்டத்து மக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் அஸீலா. கினிகத்தேனையில் கடை வைத்திருக்கும் பைஸரின் மகள். பிரேமினியோடு ஒரே பாடசாலை அணியில் நீந்தியவள். இந்த இரங்கல் கூட்டத்தில் நான் அழுதுகொண்டு பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்று அழுகையை விடக் கோபம்தான் வருகிறது.

தேசிய மார்பு நீச்சல் சாம்பியன் பிரேமினி கந்தப்பன்! பட்டத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறோமே, அவள் எங்கே நீந்தப் பழகினாள் என்று யாராவது கேட்டோமா? நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில். அம்மா ராசம்மா கரையில் நின்று திட்டத் திட்ட, பல் கிட்டும் குளிரில் பழகினாள். கொழும்பில் அவளுடைய முதல் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாள். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். நடுவரோ தகுதி நீக்கம் என்றார். மார்பு நீச்சலில் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். இவள் ஒரு கையை நீட்டிப் பிடித்துவிட்டாள்! பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நம்ம ஊரு தண்ணிக்கு ஏதுடி செவுரு? கரை வந்தா ஒரு கையால புல்லப் புடிச்சு ஏறித்தானே பழக்கம்?" என்றாள் என்னிடம். அடுத்த ஆண்டு அதே தடாகத்தில் இரண்டு கைகளாலும் தொட்டு ஜெயித்தாள். அதன் பிறகு பல வருடம் அவளை முந்த இந்த நாட்டில் ஆளில்லை.

கொழும்பில் ஒரு பெரிய பாடசாலை அவளுக்குப் பயிற்றுநர் வேலை கொடுத்தது. அதை ஏன் விட்டுவிட்டு வந்தாள்? இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் வீரம்மா அக்காவின் மகன் நிரஞ்சன் நீர்த்தேக்கத்தில் மூழ்கிப் போனான். சுற்றிலும் தண்ணீர், நம் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது! இனி ஒரு பிள்ளையும் இப்படிப் போகக் கூடாது என்று அந்தச் செத்த வீட்டில்தான் முடிவெடுத்தாள்.

தோட்டத்துக்கு மேலே கிளப்பில் நீச்சல் தடாகம் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. இப்போது விருந்தினர் மட்டும் குளிப்பது. வாரத்தில் ஒரு காலை நேரம் மட்டும் கொடுங்கள் என்று பிரேமினி போய்க் கேட்டாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் இறங்கினால் தண்ணீர் அழுக்காகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். யார் வீட்டுத் தண்ணீர் ஐயா அது? நம் மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுத்த தண்ணீர்தானே?

வேறு வழியில்லாமல் தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே இருக்கிற குட்டையில் வகுப்பு நடத்தினாள். பெருமழைக்குப் பிறகு பிள்ளைகளைக் கரையில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் இறங்கிச் சேற்றை வாரிப் போட்டாள். பித்தவெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் ஏறியது. வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. போய்விட்டாள். விதி என்கிறார்கள். எந்த விதி? கிளப் கேட்டுக்குப் பூட்டுப் போட்டது விதியா? மனுஷர் இல்லையா?

இன்று அந்தக் கிளப்பிலிருந்து மலர்வளையம் வந்திருக்கிறது. செயலாளரும் முன்வரிசையில் இருக்கிறார். வந்தவரை வாங்க என்பது நம் மரியாதை. ஆனால் ஐயா, நீங்கள் சற்று முன் ராசம்மா அம்மையாரிடம் என்ன கேட்டீர்கள்? எங்கள் பகுதியின் பெருமை இவர், கிளப் மண்டபத்தில் மாட்டிவைக்க நல்ல படம் ஒன்று தாருங்கள் என்று கேட்டீர்கள். உயிரோடு கேட்டவளுக்குத் திறக்காத கதவு, செத்தவளின் படத்துக்குத் திறக்குமா?

பிரேமினியின் வகுப்பை இனி நான் நடத்துவேன். அந்தக் குட்டையில் நடத்த மாட்டேன். வருகிற சனிக்கிழமை காலை பிள்ளைகளோடு கிளப் வாசலில் நிற்பேன். வீரம்மா அக்காவும் வருகிறார். தலைவர்களே, இரங்கல் தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நீங்களும் வந்து நில்லுங்கள்.

செயலாளர் அவர்களே, பிரேமினியின் தாயார் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். அதை அப்படியே உங்களிடம் சொல்லி முடிக்கிறேன்:

"மொதல்ல புள்ளைங்கள உள்ள விடச் சொல்லும்மா. எம் மக அவுங்க பின்னால வருவா."